கடல்காக்காவை எப்படிக் கூப்பிடுவது?

"ஒரு பேர் சொல்லுங்க தாயி," என்றார் செங்கேணி. "செத்துப்போன என் பொண்ணுக்கு."

கரையோரக் கீற்றுக் கொட்டகையில் இருந்துகொண்டு, மனக்குறையோடு வருகிறவர்களுக்கு வழி சொல்லும் தவமணியம்மாள் அவரைவிட வயதில் சின்னவள். வலை இழுத்துக் காய்த்த கைகளைக் கூப்பி அவர் அவள் முன்னால் உட்காருவதைப் பார்த்து ஊரில் சிலர் சிரித்தார்கள். சிரிக்கிறவர்களுக்கு வேறு வேலை இல்லை.

"பேர் எதுக்கு அண்ணே?"

"தொட்டிலிட்டுப் பேர் வைக்கிறதுக்குள்ள போயிட்டா. பேர் வைக்காத பிள்ளைக்கு வாய்விட்டு அழக்கூடாதுன்னுட்டாங்க. அன்னிக்கு வாயை மூடினவதான் தேசம்மா. கட்டின புருஷன், என்கிட்டகூட ஒரு வார்த்தை இல்ல. சோறும் இறங்கல. ஒரு பேர் இருந்தா, அதைச் சொல்லியாவது அழுவா."

தவமணியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் பேர் சொல்லாமல் அலைப் பக்கம் கை காட்டினாள்.

பனிக்காலத்துக்கு வந்திறங்கிய பறவைகள் அலையோரம் நின்றன. தலையெல்லாம் வெள்ளை. காதோரம் மட்டும், பிள்ளைக்கு வைக்கிற திருஷ்டிப் பொட்டு மாதிரி கொஞ்சம் கறுப்பு.

"அதும் பேர் என்ன அண்ணே?"

"கடல்காக்கா."

"எல்லா ஊர்லயுமா?"

"தேசம்மா ஊர்ல கடல்புறாம்பாங்க."

"ஒண்ணைக் கூப்பிடுங்க."

இதென்ன விளையாட்டு என்று நினைத்தாலும் செங்கேணி எழுந்தார். வலையிலிருந்து உதறிப் போட்ட பொடிமீன் ஒன்றை எடுத்து, "ஏய்... வா வா வா" என்று மேலே வீசினார்.

பறந்து வந்த ஒன்று அந்தரத்திலேயே கவ்விக்கொண்டு போனது.

"எந்தப் பேருக்கு வந்துச்சு?"

"பேரு எங்க தாயி சொன்னேன்? கூப்பிட்டேன், வந்துச்சு."

"பிள்ளையை எப்படிக் கூப்பிட்டீங்க?"

செங்கேணி மணலைப் பார்த்தார்.

"கடலுக்குப் போயிட்டு வந்து, வாசப்படியிலயே நின்னு, 'எங்கடி என் நெத்திலி'ம்பேன். குரல் கேட்டதும் காலை உதைப்பா தாயி..."

அதற்குமேல் முடியவில்லை. பிள்ளை போனதற்கு அன்றுதான் அவர் அழுதார், தேம்பித் தேம்பி. அவள் தடுக்கவில்லை.

அழுது ஓய்ந்ததும் கேட்டாள்.

"அண்ணி எப்படிக் கூப்பிட்டாங்க?"

செங்கேணி வாயைத் திறந்தார். விடிவதற்குள் கிளம்பி, பொழுது சாய்ந்து திரும்புகிற மனுஷர். வீட்டில் தாயும் மகளுமாக என்ன பேசிக்கொண்டார்களோ.

"தெரியலையே தாயி."

"போய்க் கேளுங்க."