எருமை வழிவிடாத கதை

பாலத்தின் நடுவே வண்டி நின்றுபோனது. உள்ளே வெள்ளாட்டுக்குப் பிரசவ வலி. வயிற்றில் குட்டி குறுக்கே கிடந்தது. மருத்துவச்சி கழுதையின் வீடு அக்கரையில். இடையில் நானூறு வண்டிகள்.

பிராணிகள் வாய்திறந்து பேசிய காலம் அது. நகரத்துக்கே ஒரு பொதுவண்டிதான். இழுத்தவன் எருமை. காலையில் ஏறினால் யார் மடியில் யார் குட்டி என்றே தெரியாது, அவ்வளவு கூட்டம். வண்டியில் ஒரு மணி உண்டு. உயிர் போகிற அவசரத்துக்கு மட்டும்தான் அடிக்க வேண்டும். அடித்துவிட்டால் யானையே ஆனாலும் ஓரங்கட்டியாக வேண்டும். அது ஊர்க்கட்டு.

நரிதான் முதலில் தனக்கென்று புகை கக்கி ஓடும் வண்டி ஒன்றைக் கொண்டுவந்தான். "கண்டவன் வாலையெல்லாம் மிதிச்சுக்கிட்டு வரணுமா நான்?" என்றான். நரியைப் பார்த்துக் குரங்கு வாங்கினான், குரங்கைப் பார்த்துப் பூனை. வண்டிக்கு ஒரே ஆள், ஒரு மணி. வடை ஆறிப்போகிறது என்பதற்கெல்லாம் அடித்தார்கள்.

பாலத்தில் சிக்கிய அன்று எருமை தன் மணியை அடித்தான். ஒருவரும் திரும்பவில்லை. எல்லாரும்தான் அடித்துக்கொண்டிருந்தார்களே.

"குரங்கண்ணே, வழி விடுங்க! உள்ளே பிள்ளைத்தாச்சி!"

"எல்லாருக்கும் அவசரம்தான். நான் மட்டும் பொழுதுபோகாமலா அடிக்கிறேன்?"

"நான் பொய்க்கு அடிச்சதே இல்லையேண்ணே."

"அது எனக்கு எப்படிடா தெரியும்? எல்லா மணியும் ஒரே சத்தம்."

"இறக்கிவிடு தம்பி, நடந்தே போயிடுறேன்" என்றாள் ஆடு. கால் வைக்க இடமில்லை. வண்டியோடு வண்டி உரசி நின்றது.

சேதி கேட்டு, வண்டிகளின் மேலேறித் தாண்டிக் கழுதை வந்து சேர்ந்தாள். குட்டி அதற்குள் பிறந்திருந்தது. கத்தவில்லை, அசையவும் இல்லை. தாய் அதை நக்கிக்கொண்டே இருந்தாள்.

வெயில் தாழ்ந்தபோது நெரிசல் கொஞ்சம் விலகியது. கழுதை தோள் கொடுத்து ஆட்டை நடத்திக் கூட்டிப்போனாள். பின்னாலிருந்து நரி மணியடித்தான்.

"ஏய் எருமை! அதான் வழி கிடைச்சாச்சே, நகருடா!"

எருமை நுகத்தடியை உதறினான். மணியைப் பிடுங்கி ஆற்றில் எறிந்தான். நட்டநடுப் பாலத்தில் படுத்துக்கொண்டான்.

"என்னடா, செவிடா நீ?"

"கேட்குது" என்றான். அதுதான் அவன் கடைசியாகப் பேசியது.

அன்று படுத்தவனின் இனம்தான், இன்றும் நகரத்துச் சாலையின் நடுவில் படுத்திருக்கிறது. நாம் அதைச் சொரணை கெட்டது என்கிறோம். அதற்குக் காது நன்றாகவே கேட்கும். அன்று நானூறு வண்டிகளும் சேர்ந்து மணியடித்து, எழுந்திரு, ஒதுங்கு என்று கத்தின. அவன் ஒதுங்கவில்லை.