ஆறாத புண்ணுக்குச் சித்திரை வெயில்

கோட்டைமேட்டுப்பட்டியில் நான்கு அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். நாலு தலையையும் சேர்த்து உலுக்கினாலும் ஒரு யோசனை உதிராது. மூத்தவன் பெத்தணன், அடுத்தவன் மூக்கன், மூன்றாமவன் சின்னாண்டி, கடைசி ராசாங்கம். ராசாங்கத்துக்குக் கார்த்திகை இருபத்தெட்டில் கல்யாணம். இவனுக்கும் ஒருவர் பெண் கொடுக்க ஒப்புக்கொண்டார் என்றால், நிச்சயத்தன்று இவர்கள் வாய் நிறைய வெற்றிலை இருந்தது என்றுதான் அர்த்தம்.

ஐப்பசிக் கடைசி, அடைமழை. வாய்க்கால் வெட்டப் போன ராசாங்கம், வாய்க்காலை விட்டுவிட்டுத் தன் வலது காலை வெட்டிக்கொண்டான். சுகாதார நிலையத்து நர்ஸ் பிலோமினா ஐந்து தையல் போட்டுக் கட்டுக் கட்டினார்.

"மழைக்காலம். ஈரத்துல புண் ஆற நாளாகும். தண்ணி படாமப் பாத்துக்குங்க. கட்டு நனைஞ்சா உடனே மாத்திடணும். பனி ஆரம்பிச்சா தோல் வெடிக்கும், அப்ப எண்ணெய் தடவுங்க. அசட்டையா இருந்தீங்க, மாப்பிள்ளை நொண்டிக்கிட்டுத்தான் தாலி கட்டணும்."

பயந்துபோன அண்ணன்மார் முறை போட்டுக்கொண்டு பார்த்தார்கள். முதல் முறை சின்னாண்டிக்கு. ராசாங்கம் படுத்திருந்த இடத்துக்கு நேர் மேலே ஓடு உடைந்திருந்தது. கட்டின் மீது சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

"என்னடா, தண்ணி படுதா?" என்று அடுப்படியிலிருந்து பெத்தணன் கேட்டான்.

"படுதுண்ணே."

"நல்லாப் பாத்துக்கிறியா?"

"கண்ணை இமைக்கலண்ணே. நூத்திப் பதினேழு சொட்டு."

"கெட்டிக்காரன்" என்றான் பெத்தணன். அந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு யாரும் கிடைக்கமாட்டார்கள்.

நான்காம் நாள் ராசாங்கத்துக்குக் காய்ச்சல் கொதித்தது. கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனார்கள். பிலோமினா கட்டைப் பிரித்தார். உள்ளே ஒரு கீறல்கூட இல்லாத கால் இருந்தது.

"காயம் எங்கய்யா?"

"வலது கால்ல" என்றான் மூக்கன்.

"பிறகு கட்டு ஏன் இடது கால்ல இருக்கு?"

"நனைஞ்சா மாத்தச் சொன்னீங்களே, மாத்திட்டோம்."

"இன்னொரு தடவை நனைஞ்சா என் காலுக்கு மாத்தறதாப் பேசி வச்சிருக்கோம்" என்று சின்னாண்டி பணிவாகச் சொன்னான்.

வலது காலில் தோல் ஊறி வெளுத்து, தையல் ஓரமெல்லாம் சீழ் கோத்திருந்தது. பிலோமினா கழுவக் கழுவ ராசாங்கம் அலறினான். பாவம், வலிக்கிற அளவுக்கு மட்டும் அவனுக்கு மூளை இருந்தது.

"இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா காலையே எடுத்திருக்கணும். இனிமே நீங்க யாரும் தொடாதீங்க, தினம் நானே வந்து கட்டறேன்" என்றவர், ஜன்னல் வழியே மழையைப் பார்த்து அலுத்துக்கொண்டார். "சித்திரை வெயிலா இருந்தாக்கூட இந்நேரம் காஞ்சிருக்கும். வந்து வாச்சது ஐப்பசி!"

வீடு திரும்பியதும் மூவரும் கூடி ஆலோசித்தார்கள்.

"குத்தம் நம்ம மேல இல்ல, ஐப்பசி மேல" என்றான் பெத்தணன்.

"ஐப்பசின்னு யாருண்ணே சொன்னது?" என்று கேட்டான் மூக்கன்.

மூவரும் சுவரைப் பார்த்தார்கள். காலண்டர் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு தாளைக் கிழித்தால் ஒரு நாள் போகிறது. இது அவர்கள் கண்ணால் கண்ட உண்மை. உடனே கிழிக்கத் தொடங்கினார்கள். டிசம்பரோடு தாள் தீர்ந்துபோகவே, சின்னாண்டி ஓடிப்போய் அடுத்த வருஷக் காலண்டர் வாங்கி வந்தான்.

அரைகுறையாகச் செய்தார்கள் என்று சொல்லிவிடக்கூடாது. மார்கழி வந்ததும் நிறுத்தி, நால்வரும் போர்வை போர்த்திக்கொண்டு குதிகாலுக்கு எண்ணெய் தடவினார்கள். தை முடிந்ததும் துடைத்துக்கொண்டார்கள். பங்குனியில் சட்டையைக் கழற்றினார்கள். சித்திரை ஒன்று வந்ததும் பெத்தணன் விசிறியால் விசிறிக்கொண்டே, "அப்பா, என்ன புழுக்கம்!" என்றான். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

பிலோமினா சொன்னபடி தினமும் குடை பிடித்து வந்தார். சேறு மிதித்து வந்து கழுவி, மருந்து வைத்து, காய்ந்த துணியால் கட்டினார். இருபது நாளில் புண் ஆறிவிட்டது. "பாத்தியா, வெயில் செய்யற வேலையை!" என்றார்கள் அண்ணன்மார், அவர் முகத்துக்கு நேரே.

கார்த்திகை இருபத்தெட்டு. பெண்வீட்டார் காலையிலிருந்து கோயிலில் காத்திருந்தார்கள். மாப்பிள்ளை வரவில்லை. பெண்ணின் அப்பா வீரபாகு நேரே வீட்டுக்கு வந்தார். நால்வரும் வெறும் உடம்போடு உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"முகூர்த்தம் தப்புதய்யா! கிளம்புங்க!"

பெத்தணன் காலண்டரைக் காட்டினான். "என்ன மாமா விளையாட்டு? கார்த்திகை போயி நாலு மாசத்துக்கு மேல ஆச்சு. கல்யாணம் எப்பவோ முடிஞ்சுபோச்சு."

"முடிஞ்சுபோச்சா?"

"நாங்கதான் கோவிச்சுக்கணும். கட்டிக்கொடுத்த பொண்ணை இத்தனை மாசம் உங்க வீட்லயே வச்சிருக்கீங்களே, நியாயமா?"

வீரபாகு நால்வர் முகத்தையும் ஒருமுறை நன்றாகப் பார்த்தார். பிறகு கையெடுத்துச் சுவரில் இருந்த காலண்டரைக் கும்பிட்டார். "என் மகளைக் காப்பாத்துன தெய்வம் நீதான்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

ராசாங்கம் அழுதான். "என் பொண்டாட்டியை ஏன் அனுப்பமாட்டேங்கிறாங்க?"

நெடுநேரம் யோசித்து மூக்கன் கண்டுபிடித்தான். "அட, பிரசவத்துக்குத் தாய் வீட்ல இருக்காடா!"

எல்லார் முகமும் மலர்ந்தது. பெத்தணன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். ஆவணிக்குள் குழந்தை பிறந்தாக வேண்டும். நால்வரும் ஆளுக்கொரு பிடி தாளாகக் கிழித்து ஆவணி முப்பதுக்கு வந்து சேர்ந்தார்கள். ராசாங்கத்தைக் கட்டிப்பிடித்துக் கொண்டாடிவிட்டு, தெருவில் வீடு வீடாகச் சர்க்கரை கொடுத்தார்கள்.

"என்ன குழந்தைப்பா? ஆணா, பொண்ணா?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார்.

மூக்கன் உள்ளே ஓடினான். வெகுநேரம் கழித்துத் தொங்கிய முகத்தோடு திரும்பி வந்தான்.

"முன்னும் பின்னும் தேடிட்டேண்ணே. ராகுகாலம் போட்டிருக்கான், எமகண்டம் போட்டிருக்கான். இதை மட்டும் போடல."

பெத்தணன் தலையில் அடித்துக்கொண்டான்.

"அச்சடிச்சவன் சரியான முட்டாப்பயலா இருப்பான்டா."