பட்ட குத்து

குளோரியிடம் வாள்வீச்சு படிக்கப் போனால் முதல் மாதம் வாளையே வீச விடமாட்டாள், திருகாணி கழற்றத்தான் விடுவாள் என்று நாகர்கோவிலில் கேலி பேசுவார்கள். கேலிதான். ஆனால் பொய் இல்லை.

ஃபாயில் என்கிற அந்த மெல்லிய வாளின் நுனியில் ஒரு பொத்தான் இருக்கும். எதிராளி மேல் குத்தினால் அது உள்ளே அமுங்கும், மெஷினில் விளக்கு எரியும். எரிந்தால்தான் புள்ளி. பொத்தானுக்கு அடியில் ஒரு ஸ்பிரிங், அதைப் பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் இரண்டு திருகாணிகள். மூக்குத்தித் திருகாணியெல்லாம் அதற்கு முன்னால் பூசணிக்காய்.

ஒரு சாயங்காலம் அஜிலா வந்தாள். குளோரியிடம் பல வருஷமாகப் படிப்பவள். போன மாதம்தான் மாநில அணிக்குத் தேர்வாகியிருந்தாள். அந்தச் சந்தோஷம் முகத்தில் துளியும் இல்லை. குளோரி தரையில் உட்கார்ந்து ஒரு வாளின் நுனியை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு மக்கா."

"நம்பிக்கை விட்டுப்போன ஒருத்தியை எப்படித் திரும்பக் கொண்டுவாறது?"

"யாரு, ரெஜினியா?"

அஜிலா தலையாட்டினாள்.

ரெஜினி அவளுடைய கூட்டுக்காரி, நெருங்கிய தோழி. இரண்டு பேரும் ஒரே நாளில் குளோரியிடம் சேர்ந்தவர்கள். தேர்வுப் போட்டியில் அணிக்கு ஒரே ஓர் இடம்தான் மிச்சம் இருந்தது. ரெஜினி தன் கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் அவளுக்கு, தோற்றால் அஜிலாவுக்கு. பாதி ஆட்டத்தில் ரெஜினியின் வாள் பழுதாகிவிட்டது. மாற்று வாள் முந்தின ஆட்டத்திலேயே ஒடிந்துபோயிருந்தது. அஜிலா ஓடிப்போய்த் தன் வாளைக் கொடுத்தாள். அடேயப்பா, என்ன மனசு என்று சுற்றி நின்றவர்கள் எல்லாரும் புகழ்ந்தார்கள்.

வழக்கம்போல நடுவர் அந்த வாளை நிமிர்த்தி, நுனியில் எடைக்கட்டியை வைத்துப் பார்த்தார். ஸ்பிரிங் எடையைத் தூக்கிவிட்டது, சோதனையில் வாள் தேறியது. ஆட்டம் தொடர்ந்தது.

கடைசிக் குத்து வரைக்கும் இரண்டு பக்கமும் சமம். ரெஜினி பாய்ந்து குத்தினாள். வாள் வில்லாக வளைந்தது. விளக்கு எரியவில்லை. எதிராளியின் குத்துக்கு எரிந்தது. "வாளைப் பாருங்க சார்" என்று ரெஜினி கெஞ்சினாள். நடுவர் நுனியை நேராகத் தரையில் ஊன்றி அழுத்தினார். பளிச்சென்று எரிந்தது. வாளில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

"பட்டுச்சுன்னு நெனச்சேன். படல்ல போல. மெஷினா பொய் சொல்லும்?" என்று சொல்லிக்கொண்டே ரெஜினி இறங்கினாள். மறுவாரம் முகமூடியையும் ஜாக்கெட்டையும் குளோரி முன்னால் வைத்துவிட்டு மார்த்தாண்டத்துக்கு பஸ் ஏறினாள். பிறகு வரவே இல்லை.

"நாலு தடவை வீட்டுக்குப் போயிட்டேன் அக்கா. தன் கைக்கு நீளம் பத்தாதுன்னு சொல்லுகா. குத்தினது எது, குத்தாதது எதுன்னே தனக்குத் தெரியல்லங்கா. நீ நல்லா ஆடுவேன்னு எவ்வளவு சொல்லியும் கேக்க மாட்டேங்கா. இனி நான் என்ன சொல்லணும்?"

குளோரி துணியைக் கீழே வைத்தாள்.

"அண்ணைக்கு நீ குடுத்த வாளை எடுத்துட்டு வா."

அஜிலா எடுத்து வந்தாள். குளோரி அதைச் சோதனைப் பெட்டியில் மாட்டி, நுனியை நேராகத் தரையில் ஊன்றினாள். விளக்கு எரிந்தது.

"என்ன கோளாறு இதுல?"

"ஒண்ணும் இல்லக்கா."

குளோரி வாளைச் சாய்த்து ஊன்றினாள். எரியவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். வாள்தான் வளைந்தது.

"வெயிட்டு வைக்கும்போ நேரா வைப்பாவ. ஆட்டத்துல யாரு மக்கா நேரா குத்துவாவ?"



குளோரி நுனியை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினாள். ஒரு பக்கம் திருகாணி இருந்தது. மறுபக்கம் வெறும் ஓட்டை.

"எப்பம் போச்சு?"

"அண்ணைக்குக் காலையில. துடைச்சிட்டு மாட்டும்போ கீழ விழுந்துட்டு. தேடினேன், கிடைக்கல்ல."

"தெரிஞ்சுதான் குடுத்தியா?"

"சொல்லணும்னுதான் வாயெடுத்தேன் அக்கா. சத்தியமா. அதுக்குள்ள வெயிட்டு நின்னுட்டு. சரி, இருக்கட்டுன்னு..." அஜிலா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "இருக்கட்டுன்னு விட்டுட்டேன்."

குளோரி அவளை அழவிட்டாள். பிறகு சொன்னாள்.

"போட்டி முடிஞ்சு வாளெல்லாம் இங்க வந்தப்பவே நான் இந்த ஓட்டையைப் பாத்துட்டேன்."

அஜிலா நிமிர்ந்தாள்.

"நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன். அவ ஜாக்கெட்டைக் கொண்டு வச்சப்பகூட நான் வாயைத் திறக்கல்ல. ஒரு பிள்ளையைக் காப்பாத்துகேன்னு நெனச்சு இன்னொரு பிள்ளையைக் கைவிட்டுட்டேன். அவ படியிறங்கிப் போன போக்கு இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. பாவி நான்."

குளோரி டப்பாவைத் திறந்து ஒரு புதுத் திருகாணியை எடுத்து அஜிலாவின் உள்ளங்கையில் வைத்தாள். அஜிலா அதை ஓட்டையில் வைக்கப் பார்த்தாள். திருகாணி கீழே விழுந்தது. மண்டியிட்டுத் தரையைத் தடவி எடுத்தாள். மறுபடியும் விழுந்தது, மறுபடியும் எடுத்தாள். ஒருவழியாகப் பூட்டி முடித்து, வாளைச் சாய்த்து ஊன்றினாள்.

விளக்கு எரிந்தது.

அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை இன்னும் கூடியது.

"சொன்னா அணியில என் இடம் போயிரும் அக்கா."

"போகும்."

"அதுகூடப் போகட்டு. சொன்னா அவ என்னை மன்னிப்பாளா?"

குளோரி வாளைப் பெட்டியிலிருந்து கழற்றி அவள் கையில் கொடுத்தாள்.

"மன்னிப்பு வாங்கப் போகாத மக்கா. அவ குத்தினது பட்டுச்சு. அதைச் சொல்லப் போ."