நூற்றுப் பதினெட்டாவது படி

"உற்சாகத்துக்கு ஒரு வழி சொல்லுங்கம்மா. இல்லைன்னா நான் ஊருக்குப் போறேன்."

சொன்னவர் மாசிலாமணி. வயது ஐம்பத்து மூன்று. ஜவுளிக்கடையில் இருபத்தைந்து வருஷம் சேலையை விரித்து விரித்துக் காட்டி அலுத்துப்போய், ஞானம் வேண்டும் என்று கொக்குமலைக்கு வந்தவர். வந்து ஒன்பது வருஷம் ஆகிறது.

கேட்டுக்கொண்டிருந்தவர் அழகம்மை. மலையுச்சிக் குகையில் இருக்கிறவர். மாசிலாமணியைவிடப் பத்து வயதாவது சின்னவர். இருந்தால் என்ன, குரு குருதானே! இவர் அங்கே 'அம்மா' என்பார். அங்கிருந்து 'அண்ணாச்சி' என்று பதில் வரும்.

அம்மா வறுத்த நிலக்கடலையை உரித்துக்கொண்டிருந்தார்.

"உற்சாகம் எங்க போச்சு அண்ணாச்சி?"

"அது தெரிஞ்சா நான் ஏன் உங்ககிட்ட வாரேன்? காலைல உளியைப் பார்த்தாலே வெறுப்பா இருக்கு. கை ஓட மாட்டேங்குது."

உளி வந்த கதை வேறு. வந்த அன்றைக்கே ஞானம் கேட்டார் மாசிலாமணி. அம்மா உளியையும் சுத்தியலையும் எடுத்து நீட்டினார். அடிவாரத்திலிருந்து உச்சி வரைக்கும் கல்லை வெட்டிப் படி போடுங்கள் என்று சொன்னதோடு சரி. அன்றைக்கு ஆரம்பித்த தட்டல்.

"நானூத்திப் பன்னிரண்டு படி போட்டிருக்கேன்மா. மொத்தம் ஆயிரத்து நூறு. இந்தக் கணக்கில போனா முடிக்கும்போது எனக்கு வயசு அறுபத்தெட்டு. அதுவரைக்கும் முழங்கால் இருக்குமா? பாதியில நிக்கிற படியால யாருக்கு என்ன பிரயோஜனம்? நீங்களே சொல்லுங்க."

அம்மா கடலையை வாயில் போட்டுக்கொண்டார்.

மாசிலாமணிக்குக் கோபம் வந்துவிட்டது. உளி, சுத்தியல், கடப்பாரை மூன்றையும் கொண்டுவந்து அம்மா முன்னால் வைத்தார். மூட்டையைத் தோளில் போட்டார். கண் கலங்கியது. அதைக் காட்டிக்கொள்ளாமல் மூக்கை உறிஞ்சினார்.

"பன்னிரண்டு மணி பஸ்ஸுக்குப் போறேன்."

"மகராசனாப் போயிட்டு வாங்க. ஆனா பின்பக்கப் பாதையில போகாதீய. நீங்க போட்ட படி வழியா இறங்கிப் போங்க."

"அதுல முள்ளு கிடக்கும்மா."

"தள்ளிவிட்டுட்டுப் போங்க."

முள்ளைப் போட்டதே மாசிலாமணிதான். மேலே வேலை நடக்கும்போது கல் உருண்டு யார் தலையிலாவது விழுந்தால் யார் பதில் சொல்வது? அதனால் படி ஏற ஏற முள்ளையும் மேலே மேலே நகர்த்தி வைப்பார். குகைக்குப் போக வர, சந்தைக்குப் போக வர, எல்லாம் பின்பக்கப் பாதைதான். முள்ளுக்குக் கீழே என்ன நடக்கிறதென்று மனுஷன் எட்டிப் பார்த்ததே இல்லை.

உச்சியிலிருந்து பாறை வழியே தன் கடைசிப் படிக்கு வந்து, முன்னூற்று ஐம்பதாவது படியில் முள்ளைத் தள்ளிவிட்டு இறங்கினார்.

இருநூற்று மூன்றாவது படியில் ஒருவர் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். இடது கால் சற்றே கோணி இருந்தது.

"ஆரு, மேல தட்டுற அண்ணாச்சியா?" என்றார் அவர். "நான் செல்லையா. கீழ சைக்கிள் கடை. என்ன, இன்னைக்கு உங்க சத்தத்தையே காணோம்? மேலுக்குச் சுகமில்லையோன்னு பயந்துட்டேன்."

மாசிலாமணி மூட்டையைத் தோளிலிருந்து முதுகுப் பக்கம் தள்ளினார்.

"நீங்க இங்க என்ன செய்றீய?"

"பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துட்டுல்லா! நடக்கச் சொன்னாரு டாக்டர். தரையில நடந்தா போரடிக்கி. பொங்கலன்னைக்கு ஒரு படி ஏறினேன். மறுநாள் ரெண்டு. தினம் ஒண்ணு கூட்டுதேன். இன்னைக்கு இருநூத்தி மூணு!"

சொல்லிவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார் செல்லையா. அப்புறம் முகம் கொஞ்சம் சுருங்கியது.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். மேல எத்தனை போட்டிருக்கீய?"

"நானூத்திப் பன்னிரண்டு."

"அம்புட்டுத்தானா? நான் வாரதுக்குள்ள கூடக் கொஞ்சம் போட்டிருவீயல்லா? பாதியில தீந்து போச்சுன்னா நான் எங்க ஏறுவேன்?"

மாசிலாமணி மனசுக்குள் கணக்குப் போட்டார். இவர் வருஷத்துக்கு நாற்பத்தைந்து படி போடுகிறார். அவர் வருஷத்துக்கு முன்னூற்று அறுபத்தைந்து ஏறுகிறார். இது எங்கே போய் முடியும்?

"பார்த்து இறங்குங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

கொஞ்சம் கீழே ஒரு பெண் குரல் மலையே அதிரக் கேட்டது. "தெரியுதா? இப்பத் தெரியுதா? நல்லாத் தெரியுதாட்டி?"

நூற்றுப் பதினெட்டாவது படியில் ஒரு பெண் கையில் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். போனில் இன்னொரு முகம். மாசிலாமணியைப் பார்த்ததும், "ஒரு நிமிஷம் இரு," என்று போனுக்குச் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

"இந்தப் படியைப் போட்ட ஆளு நீங்கதானா?"

ஆகா, ஒரு நன்றியாவது கிடைக்கப் போகிறது என்று நினைத்தார் மாசிலாமணி. "ஆமாம்மா," என்றார் அடக்கமாக.

"நல்லாப் போட்டீய போங்க! ஊருக்குள்ள எங்கயும் டவர் எடுக்காது. இந்த ஒரு படியிலதான் எடுக்கும். இதுக்குப் பேரே போன் படி. என் மக மஸ்கட்ல நர்ஸு. காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு தடவை, அவ மூஞ்சியைப் பாக்கத்தான் நான் ஏறி வாரேன். பார்த்தா, நீங்க போட்டதிலயே இந்தப் படி ஒண்ணுதான் ஆடுது!"

காலை மாற்றி மாற்றி வைத்துக் காட்டினாள். டொக்கு டொக்கென்று ஆடியது.

"ஊஞ்சல்ல உக்காந்தா பேசுதே, உன் மூஞ்சியே நிக்க மாட்டேங்குதேன்னு அவ கேக்குதா. போன வாரம் விழப் பாத்தேன். கல்லுப் போடத் தெரிஞ்ச ஆளுக்கு அடியில சல்லிக்கல்லு வச்சு இறுக்கத் தெரியாதா?"

போனுக்குள்ளிருந்து, "யம்மா, ஏம்மா அவரைத் திட்டுதே?" என்று மகள் கேட்டாள்.

"திட்டாம? இந்தப் பொன்னுத்தாயி சும்மா விட்டுருவேன்னு நெனச்சியா?"

மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டு நழுவினார். ஒன்பது வருஷம் கை தேய உழைத்ததற்கு வாங்கிய முதல் பாராட்டு இதுதான். மனசு கொதித்தது. எந்த வருஷம் போட்ட படி அது? மழைக்காலத்தில் போட்டதாக இருக்கும். அடியில் மண் கரைந்திருக்கும். ரெண்டு கூடை சல்லி, அரை மணி நேர வேலை. சரி, நமக்கென்ன! இனி வருகிறவன் பார்த்துக்கொள்வான்.

யார் வருவான்?

அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தார். முதல் படி கண்ணில் பட்டது. ஜவுளிக்கடை கை போட்ட படி. அசிங்கமான கோணல். அதற்கு யாரோ மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தார்கள்.

பஸ் வந்து நின்றது.

டிரைவர் இன்ஜினை அணைக்கவில்லை. பழைய வண்டி, உடம்பெல்லாம் உதறிக்கொண்டு நின்றது. மாசிலாமணி கம்பியைப் பிடித்து, ஒரு காலைத் தூக்கிப் பஸ் படியில் வைத்தார்.

ஆடியது.

காலை எடுத்தார். மறுபடி வைத்தார். மறுபடியும் ஆடியது.

"என்ன அண்ணாச்சி, ஏறுதீயளா, இல்ல படியைச் சோதிச்சுப் பாக்கீயளா?" என்றார் கண்டக்டர்.

"இப்ப மணி என்ன?"

"பன்னிரண்டு அஞ்சு."

"ஆறு மணிக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?"

கண்டக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு விசில் கொடுத்தார். பஸ் போய்விட்டது.

மாசிலாமணி திரும்பி மலை ஏறினார். தான் போட்ட படியில் அடிவாரத்திலிருந்து அவர் ஏறுவது இதுதான் முதல் தடவை. போன் படியில் குந்தி, கல்லுக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தார். நினைத்தது சரி, மண் கரைந்துதான் இருந்தது. அதற்கப்புறம் ஓட்டமும் நடையுமாகப் போனார். மூட்டை முதுகில் குதித்தது. முழங்காலைப் பற்றி நினைக்க அவருக்கு நேரம் இல்லை.

மேலேயிருந்து ணங் ணங்கென்று சத்தம் கேட்டது.

நானூற்றுப் பன்னிரண்டாவது படியில் நின்று பார்த்தார். அதற்கு அடுத்த பாறையில் அம்மா உட்கார்ந்து, உளியைப் பிடித்து வெட்டிக்கொண்டிருந்தார். முந்தானையெல்லாம் கல்தூசி. வெட்டு ஏகக் கோணல்.

"என்ன அண்ணாச்சி, எதையாவது மறந்துட்டீயளா?"

"நூத்திப் பதினெட்டாவது படி ஆடுதும்மா."

"ஆடிட்டுப் போகட்டும். பாதியில நிக்கிற படிதானே?"

"அப்படிச் சொல்லாதீங்க! ஆறு மணிக்குப் பொன்னுத்தாயி வந்துருவா. அவ வாயை நீங்க பார்த்ததில்ல. அந்தச் செல்லையா வேற தினம் ஒண்ணா ஏறி வந்துக்கிட்டே இருக்காரு."

அம்மா உளியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையைத் தட்டினார்.

"காலைல உற்சாகத்துக்கு வழி கேட்டீயளே. இப்பத்தான் நல்லதா ஒண்ணு தோணுச்சு. இப்படி உக்காருங்க, சொல்லுதேன்."

"அதை அப்புறம் கேட்டுக்கிடுதேன்மா," என்றார் மாசிலாமணி. "கடப்பாரை எங்க?"