பிஞ்சு வெண்டை

ஆவுடையப்பனுக்கு அறுபது வயது தாண்டியிருந்தது. அவருடைய குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. மங்கையர்க்கரசி என்று பெயர். அம்பாசமுத்திரத்தில் வாய்க்காலை ஒட்டிய ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார். சாயங்காலம் நாலைந்து பேர் போய் எதிரே உட்காருவார்கள். கேட்டால் பதில் சொல்வார். கேட்காவிட்டால் கீரை ஆய்ந்துகொண்டிருப்பார்.

ஆவுடையப்பன் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். ஒரு தீபாவளி சமயத்தில், பக்கத்து ஊரான கடையத்தில் இருந்த அவர் மாமியார் படுத்த படுக்கையானார். "அம்மாவை ஒரு எட்டு பாத்துட்டு வந்துர்றேன்" என்றாள் மனைவி பிரமு. "வியாபாரம் முடியட்டும், சேந்தே போவோம்" என்றார் இவர். கடைசியில் பிரமு ஊருக்குப் போனபோது சுடுகாட்டிலிருந்து ஆட்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். காரியம் முடிந்த பிறகும் அவள் வீட்டுக்கு வரவில்லை. தங்கையோடு கடையத்திலேயே தங்கிவிட்டாள்.

வருஷங்கள் ஓடின. கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஆவுடையப்பன் மங்கையர்க்கரசியிடம் வந்தார். அவரிடம் இருந்தது ஒரே கேள்விதான்.

"பிரமுகிட்ட மன்னிப்பு கேக்கணும்மா. ஆனா பழைய ஆளாவே போய் நின்னா என்ன பிரயோசனம்? கோபம் போகணும். புத்தி மாறணும். எனக்குப் பக்குவம் எப்ப வரும்?"

மங்கையர்க்கரசி அவரைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனார். கிணற்றடியில் ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது. கைநிறைய வெண்டை விதையைக் கொடுத்தார்.

"இதைப் போடுங்க."

அவ்வளவுதான் பதில்.

ஆவுடையப்பன் காரியத்தில் குறை வைக்கிறவர் இல்லை. மண்ணைக் கொத்தி, ஆட்டுப்புழுக்கை போட்டு, விதையை ஊறவைத்து ஊன்றினார். தினமும் காலையில் வந்து தண்ணீர் ஊற்றினார். இலைக்கு அடியில் பூச்சி ஒட்டினால் வேப்பெண்ணெய் கரைத்துத் தெளித்தார். செடிகள் இடுப்புயரம் வந்தன. மஞ்சள் பூ விட்டன. விரல் நீளத்தில் பிஞ்சுகள் எட்டிப்பார்த்தன.

"இன்னும் கொஞ்சம் பெருசாகட்டும்மா. மொத காய்ப்பை ஒரு கூடை நிறைய உங்க முன்னால கொண்டாந்து வைக்கணும்."

மங்கையர்க்கரசி தலையை ஆட்டினார்.

மறுநாள் வந்து பார்த்தால் நாலைந்து பிஞ்சுகளைக் காணவில்லை. அணில் என்று நினைத்தார். காம்பு கத்தியால் வெட்டியதுபோல் இருந்தது. அடுத்த நாளும் அப்படியே. சுற்றிலும் முள்ளை வெட்டிப் போட்டார். முள் அப்படியே கிடந்தது, காய்தான் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகப்பட்டார். பால்காரரைச் சந்தேகப்பட்டார். அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒருநாள் விடிந்ததும் விடியாததுமாக வந்து நின்றார். செடிகளுக்கு நடுவே குனிந்து, பிஞ்சுகளை அறுத்து மடியில் போட்டுக்கொண்டிருந்தவர் மங்கையர்க்கரசி.

"அம்மா... நீங்களா?"

"நான்தான். குழம்புக்கு வேணும்."

"எல்லாம் பிஞ்சும்மா!"

"ஆமா."

ஆவுடையப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. இது சோதனையா? ஆசையை விடச் சொல்கிறாரா? கோபத்தைக் கிளறிப் பார்க்கிறாரா? இல்லை, நிஜமாகவே குழம்புக்குத்தானா? மத்தியானம் அவரையும் உட்காரவைத்துச் சோறு போட்டார் குரு. வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு. கோபத்தோடுதான் சாப்பிட்டார். இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார். அது அவரை இன்னும் குழப்பியது.

"இந்த ஓரத்துல இருக்கிற ரெண்டு செடியை மட்டும் விட்டுருங்கம்மா" என்று கேட்டுக்கொண்டார்.

"சரி" என்றார் குரு. சொன்னபடி தொடவே இல்லை.

அந்த இரண்டு செடியிலும் காய்கள் சாண் நீளத்துக்கு வளர்ந்தன. ஆவுடையப்பனுக்குப் பெருமை. ஒன்றுதான் விளங்கவில்லை. தினமும் பறிகொடுத்த செடிகளெல்லாம் பூவும் பிஞ்சுமாக நின்றன. காப்பாற்றிய இரண்டிலும் பூ நின்றுபோயிருந்தது.

காய்களை அறுத்துத் தட்டில் வைத்துக் கொண்டுபோனார். மங்கையர்க்கரசி ஒன்றை எடுத்து அரிவாள்மனையில் வைத்து அழுத்தினார். நார் நாராக இழுத்ததே தவிர துண்டாகவில்லை.

"நல்ல பக்குவம். விதைக்கு ஆகும்."

பாராட்டா, குத்தலா என்று தெரியவில்லை. ஆவுடையப்பனுக்குக் குரல் உயர்ந்துவிட்டது.

"அப்ப எதுதாம்மா பக்குவம்? மாங்காயைக் கனிய விடுறோம். பூசணியை முத்த விடுறோம். இதை மட்டும் ஏன்..."

அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே மங்கையர்க்கரசி கொல்லைக்குப் போனார். மற்றச் செடிகளிலிருந்து ஒரு பிடி பிஞ்சுகளைப் பறித்துத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்தார்.

"கடையத்துக்கு இப்ப ஒரு பஸ் இருக்கு. விட்டா வாடிரும்."

"இன்னைக்கா? நான் இன்னும் மாறவே இல்லையேம்மா. இப்பக்கூடக் கோபப்பட்டேனே."

"வெண்டைக்காய் குடுக்கத்தானே போறீங்க. போங்க."

பஸ்ஸில் போகும்போது வார்த்தைகளை அடுக்கி அடுக்கிப் பார்த்தார். கதவைத் திறந்தது பிரமுதான். முன்தலை நன்றாக நரைத்திருந்தது. அடுக்கியதெல்லாம் சரிந்துவிட்டது.

"கொல்லையில போட்டது" என்று பையை நீட்டினார்.

அவள் பைக்குள் பார்த்தாள். "ஒருத்தருக்குத்தான் காணும், ரெண்டு பேருக்குப் பத்தாது" என்றாள். உள்ளே போனாள். அடுப்புப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது.

சமைத்து அவருக்குப் போட்டாள். அவள் உட்காரவில்லை. சோற்றில் கையை வைத்துக்கொண்டு ஆவுடையப்பன் சொன்னார்:

"அன்னைக்கே உன்னைப் போக விட்டிருக்கணும்."

பிரமு கரண்டியும் கையுமாக நின்றாள். முகம் அசையவில்லை.

"ஆமா. விட்டிருக்கணும்."

மோர்ச்செம்பை எடுத்துவந்து, "மோர் ஊத்தவா?" என்றாள்.

மறுநாள் காலையில் ஆவுடையப்பன் கிணற்றடிக்கு வந்தபோது மங்கையர்க்கரசி செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் இவர் ஒன்றுவிடாமல் சொன்னார்.

"மன்னிச்சாளா இல்லையான்னே தெரியலம்மா. போன்னும் சொல்லல, வான்னும் சொல்லல. கெளம்பும்போது பையை மடிச்சுக் கையில குடுத்தா. அதுக்கு என்ன அர்த்தம்?"

மங்கையர்க்கரசி வாளியைக் கீழே வைத்தார். இலைகளை விலக்கிப் பார்த்தார்.

"நாளைக்கு ஒரு அஞ்சாறு தேறும். நீங்களே பறிங்க."