சேர்மன் அப்பாவுக்கு ஒரு சிலை

சேர்மன் தணிகாசலம் எதைக் கட்டினாலும் செத்துப்போன தன் அப்பா பெயரைத்தான் வைப்பார். பஸ் ஸ்டாண்டு, தண்ணீர்த் தொட்டி, ரேஷன் கடை எல்லாமே ‘அய்யாக்கண்ணு நினைவு’தான்.

ஊர் நடுவே குப்பை ஆலை வரப்போகிறது என்றதும் ஜனம் கொதித்தது. சேர்மன் கூட்டம் போட்டு, மைக்கைப் பிடித்து முழங்கினார்: “அது ஆலை இல்ல, கோயில்! துளி நாத்தம் வராது!”

குப்பை வண்டி தள்ளும் பச்சையம்மா எழுந்தாள்.

“சம்மதங்க ஐயா. ஒரே ஒரு ஆசை. ‘அய்யாக்கண்ணு நினைவுக் குப்பை ஆலை’ன்னு வாசல்ல போர்டு வைக்கணும். உள்ள, குப்பைமேட்டு உச்சியில, உங்க அப்பாவுக்கு ஒரு சிலை.”

கூட்டம் விசிலடித்தது.

“ஏய்! எங்கப்பனை அந்த நாத்தத்துல கொண்டுபோய் நிக்க வைக்கச் சொல்றியா?” என்று கத்தினார் சேர்மன்.

மைக் அவர் கையில்தான் இருந்தது. மூன்று தெருவுக்குக் கேட்டது. ஆலை வரவில்லை.