குஞ்சிதபாதம் ஓடிய பந்தயம்

முன்னொரு காலத்தில், கடைத்தெருக் கூச்சலால் தலைவலி வந்த ராஜா ஒருவர் இருந்தார். செருப்புத் தைப்பவர்கள் "இங்கே வாங்க, அங்கே போகாதீங்க" என்று போட்டி போட்டுக் கூவினார்கள்.

மந்திரி அம்பலவாணர் சமயம் பார்த்துச் சொன்னார். "மகாராஜா, ஒருவனே விற்றால் நாடு அமைதியாக முன்னேறும். என் மைத்துனன் குஞ்சிதபாதம் சும்மாதான் இருக்கிறான்."

மறுநாளே பறையறைந்தார்கள். குஞ்சிதபாதத்தைத் தவிர வேறு யாரும் செருப்பு விற்கக் கூடாது.

அவன் நாட்டுக்கெல்லாம் ஒரே அளவில் தைத்தான். வலது, இடது என்ற பேதமும் வைக்கவில்லை. விலையை மட்டும் ஏற்றினான். ஊரே நொண்டியது. சந்தைக்குக் கீரை வாடிய பிறகே வந்து சேர்ந்தது. சேனை அணிவகுத்தபோது இடது எது வலது எது என்று குழம்பிப் பாதிப் பேர் குளத்தில் இறங்கினார்கள்.

அரண்மனை விகடகவி பூவராகன் சபையில் எழுந்தான். "மகாராஜா, பக்கத்தில் போட்டிக்கு ஆள் இல்லாதவன் ஓடமாட்டான்."

அவனை விரட்டக் காத்திருந்த மந்திரி அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டார். "தவறு. இடிக்க ஆளில்லாவிட்டால் இன்னும் வேகமாக ஓடுவான். இல்லையென்று இவன் நிரூபிக்கட்டும். முடியாவிட்டால் நாட்டைவிட்டுப் போகட்டும்."

"உத்தரவு. மந்திரியாரின் மைத்துனரே தனியாக ஓடட்டும்" என்றான் பூவராகன்.

மைதானத்தில் முரசு ஒலித்தது. முதல் பரிசு பொற்கிழி. குஞ்சிதபாதம் வேட்டியைச் சரிசெய்தான். நாலடி நடந்தான். நிழலில் உட்கார்ந்து முறுக்குத் தின்றான்.

"ஏனடா ஓடவில்லை?" என்றார் ராஜா.

"எதுக்கு மகாராஜா அவசரம்? எப்போ போனாலும் பரிசு எனக்குத்தானே."

மந்திரி வானத்தைப் பார்த்தார்.

"அடியேனும் ஓடலாமா?" என்று கேட்டான் பூவராகன். ராஜா தலையசைத்தார். அவன் தொந்தி முன்னால் ஓட, அவன் பின்னால் ஓடினான்.

அதைக் கண்ட குஞ்சிதபாதம் முறுக்கைப் போட்டுவிட்டு எழுந்தான். மூன்றடி ஓடுவதற்குள் அவன் தைத்த செருப்பே அவனைத் தடுக்கிவிட்டது. இரண்டையும் கழற்றி வீசினான். ஒன்று மந்திரியின் மடியில் விழுந்தது. பிறகு அம்பாகப் பறந்து எல்லையைத் தொட்டான்.

"பார்த்தீர்களா, என் மைத்துனன் ஜெயித்துவிட்டான்" என்றார் மந்திரி.

"ஜெயித்தான். உம்முடைய மடியில் கிடப்பதைக் கழற்றிவிட்டு ஜெயித்தான். அதுவும் பூவராகன் ஓடிய பிறகு" என்ற ராஜா, கிரீடம் நழுவும் அளவுக்குச் சிரித்தார். இனி யார் வேண்டுமானாலும் செருப்புத் தைக்கலாம் என்று அங்கேயே உத்தரவிட்டார்.

மூச்சிரைக்க வந்து நின்ற பூவராகனிடம், "தோற்ற உனக்கு என்ன பரிசு வேண்டும்?" என்று கேட்டார்.

"உட்கார ஓர் இடம் போதும், மகாராஜா."

ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். பிறகு மந்திரியைப் பார்த்து, "அம்பலவாணரே, கொஞ்சம் எழுந்திரும்" என்றார்.